'நாளைக்கு வாறேன் அண்ணாச்சி!'

2023-ம் வருஷம், ஜூலை 31. திங்கட்கிழமை. ராத்திரி ஒன்பதே முக்கால்.

ஆத்தூர் பஜாரில் ஷட்டர்கள் எல்லாம் இறங்கியாச்சு. இன்னும் வெளிச்சம் தெரிவது இரண்டே இடத்தில்தான். ஒன்று, வெற்றிலை மண்டி. இன்னொன்று, அதற்கு எதிர்மாடியில் இருக்கும் என் சித்தப்பாவின் ஆபீஸ்.

ஆபீஸில் நாற்காலி ஆறு. ஆட்கள் பதினேழு. திருச்செந்தூர் சூரசம்ஹாரத்துக்குக் கிளம்பிய கூட்டம் வழி தப்பி இங்கே ஏறிவிட்ட மாதிரி நெரிசல். மேஜை முழுக்கப் பாஸ்புக், பில், பாதி குடித்த டீ கிளாஸ். கம்ப்யூட்டர் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றுகிறது... சுற்றுகிறது... சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அந்த நேரம் பார்த்து மஞ்சள் பையோடு படியேறி வந்தார் ஒருத்தர். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ரொம்பக் கூட்டமா இருக்கு போலயே... நான் வேணும்னா நாளைக்கு வாறேன் அண்ணாச்சி!"

சித்தப்பா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு பார்வை பார்த்தார். சூரபத்மன்கூட அப்படி ஒரு பார்வையைச் சந்தித்திருக்க மாட்டான்!

"நாளைக்கு வந்தா ஆயிரமோ அஞ்சாயிரமோ தண்டம் வேய்! உக்காரும்!"

எங்கே உட்காருவது என்பதை மட்டும் சொல்லவில்லை.

*

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பி.காம். ஆனால் பிழைப்பு, பத்திரிகைகளுக்கு எழுதுவது. சொந்தக்காரர்கள் மத்தியில் பி.காம். என்றால் பாதி ஆடிட்டர் என்று அர்த்தம். அதனால் ஜூலை பிறந்தால் மதுரைக்கு போன் வந்துவிடும்.

"ஏல, கடைசி வாரம் இங்க வந்திரு. கட்டுரையெல்லாம் ஆகஸ்ட்டுல எழுதிக்கிடலாம்."

சம்பளம் கிடையாது. மூன்று வேளை சாப்பாடு, திரும்பும்போது ஒரு கவுளி வெற்றிலை. எனக்கு வெற்றிலை போடுகிற பழக்கம் இல்லை என்று வருஷா வருஷம் சொல்லத்தான் செய்கிறேன். "ஆத்தூர் வெத்தல வேண்டாங்கியே! 2023-ல புவிசார் குறியீடு வாங்கின வெத்தலடே இது!" என்று பையில் திணித்துவிடுவார்.

ஊரில் அவருக்குப் பெயர் 'ஆடிட்டர் அண்ணாச்சி'. உண்மையில் அவர் ஆடிட்டர் இல்லை. சி.ஏ. முடித்து, 1949-ல் சட்டப்படி ஏற்பட்ட சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் இன்ஸ்டிடியூட்டில் மெம்பராக இருப்பவர்தான் ஆடிட்டர். சித்தப்பா வருமான வரி பிராக்டிஷனர். பி.காம். டிகிரியை வைத்துக்கொண்டு அதற்கு முறைப்படி பதிவு செய்துகொண்டவர். "நான் ஆடிட்டர் இல்லவே" என்று முப்பது வருஷம் சொல்லிப் பார்த்துவிட்டு, இப்போது அதையும் விட்டுவிட்டார்.

அவரிடம் வருகிறவர்கள் பலவகை. ஏரல் கடைக்காரர்கள், தூத்துக்குடியில் உப்பளம் வைத்திருப்பவர்கள், துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் வேலை பார்ப்பவர்கள், ரிட்டையர் ஆன வாத்தியார்கள், சென்னையில் பலசரக்குக் கடை போட்டுவிட்டு கோயில் கொடைக்கு மட்டும் ஊருக்கு வருகிற அண்ணாச்சிகள்... தொழில் வேறு வேறு. ஆனால் வந்து சேருகிற நாள் மட்டும் எல்லோருக்கும் ஒன்றே!

பல ஜூலைகளைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். இந்தக் கடைசி நாள்காரர்களை ஐந்து கட்சிகளாகப் பிரித்துவிடலாம்.

முதலாவது, ஆடிக் கட்சி. ஜூலை 31 எப்போதுமே ஆடி மாசத்தில்தான் விழும். "ஆடியில ஒரு காரியத்தைத் தொடங்கப்படாதுல்லா அண்ணாச்சி?" என்பார்கள். சரி, ஆனியிலேயே வந்திருக்கலாமே? "ஆனியில ரெண்டு கல்யாணம். அலைச்சல்." சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். "வரி கட்டுறது என்ன கால்கோள் விழாவா வேய், நல்ல நாள் பாக்க?"

இரண்டாவது, நீட்டிப்புக் கட்சி. "எப்படியும் தேதியைத் தள்ளி வைப்பாங்க" என்பது இவர்கள் வேதம். அதற்கு ஆதாரமும் வைத்திருப்பார்கள். கொரோனா வருஷமான 2020-ல் தள்ளித் தள்ளி 2021 ஜனவரி 10 வரை போயிற்று. 2021 ஜூனில் புது இணையதளம் திறந்து, அது தகராறு செய்ததில் டிசம்பர் 31 வரை போயிற்று. ஆனால் 2022, 2023, 2024... மூன்று வருஷமும் ஒருநாள்கூடத் தள்ளவில்லை. அதைச் சொன்னால், "இந்தத் தடவை தள்ளுவாங்க பாருங்க" என்பார்கள். லாட்டரிச் சீட்டு வாங்கியவரின் அதே நம்பிக்கை!

மூன்றாவது, பைக் கட்சி. ஒரு வருஷத்துக் காகிதம் முழுவதையும் ஜவுளிக் கடைப் பையில் போட்டுத் தலைகீழாகக் கொட்டுவார்கள். மளிகை பில், மொய் நோட்டு, மாத்திரைச் சீட்டு, பிரசாத விபூதி, எல்லாம் விழும். இன்ஷூரன்ஸ் ரசீதை அதற்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கித்தான் எடுக்க வேண்டும். தூத்துக்குடிக் கடலில் 1961-க்குப் பிறகு பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை என்பார்கள். யார் சொன்னது? ஒவ்வொரு ஜூலையிலும் எங்கள் ஆபீஸில் நடக்கிறது!

நான்காவது, விவசாயக் கட்சி. "நமக்குத்தான் வரியே கிடையாதே" என்று கடைசி வரை இருந்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்தியதில் ஓடி வருகிறவர்கள். வெற்றிலைக் கொடி, வாழை வருமானத்துக்கு வருமான வரி இல்லை, வாஸ்தவம். ஆனால் அதே வெற்றிலையை வாங்கி விற்கிற மண்டிக் கமிஷனுக்கு உண்டு. இன்னொரு வேடிக்கை பாருங்கள். உப்பளத்திலும் பாத்தி கட்டுகிறார்கள், தண்ணீர் பாய்ச்சுகிறார்கள், வெயில் பார்த்து வாருகிறார்கள். ஆனாலும் கடல் தண்ணீரைப் பாய்ச்சி எடுக்கும் உப்பு விவசாய வருமானம் ஆகாது. பி.காம். பரீட்சையில் இதை இரண்டு மார்க் கேள்வியாக எழுதியிருக்கிறேன். உப்பளத்துக்காரர் எதிரில் உட்கார்ந்து, "இது விவசாயம் இல்லாம பின்ன என்ன சினிமாவா?" என்று கேட்கும்போதுதான் அது இருபது மார்க் கேள்வி என்று தெரிகிறது.

ஐந்தாவது, வாட்ஸ்அப் கட்சி. நேரில் வரவே மாட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஒவ்வொரு காகிதமாகப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். பாதியில் கட்டை விரல் தெரியும். மீதி மங்கலாக இருக்கும். கடைசியில் ஒரு கும்பிடு பொம்மை!

*

ஆத்தூரில் மட்டும்தான் இந்தக் கூத்து என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொல்கிற அதே ஜூலை 31-ல், அந்த ஒரே நாளில், நாடு முழுக்க 64.33 லட்சம் ரிட்டர்ன்கள் பதிவாயின. அதுவரை வந்த மொத்தமே 6.77 கோடி. அதற்கு முந்தின வருஷம் ஜூலை 31 ஞாயிற்றுக்கிழமை. கறிக் குழம்பைப் பாதியில் விட்டுவிட்டு 72.42 லட்சம் பேர் கணக்குக் கொடுத்தார்கள். எட்டுப் பேரில் ஒருத்தர் கடைசி நாள்காரர்! 2024-ல் கடைசி நாளில் மட்டும் 69.92 லட்சம்.

வெளிநாட்டில் எப்படி? அமெரிக்காவில் வருமான வரிக் கடைசித் தேதி முதலில் மார்ச் 1 ஆக இருந்தது. பிறகு மார்ச் 15 ஆக்கினார்கள். 1955-லிருந்து ஏப்ரல் 15. ஒன்றரை மாசம் தள்ளி வைத்தும் கடைசி நாள் நெரிசல் போகவில்லை. அதுவும் கூடவே தள்ளிப் போய்விட்டது, அவ்வளவுதான். இங்கிலாந்தில் ஜனவரி 31. அங்கே கிறிஸ்துமஸ் அன்றைக்கே உட்கார்ந்து ரிட்டர்ன் போடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வரி இலாகாவே வருஷா வருஷம் அந்த எண்ணிக்கையை வெளியிட்டுச் சிரிக்கிறது.

இந்த வரியை நம் ஊருக்குக் கொண்டுவந்த புண்ணியவான் ஜேம்ஸ் வில்சன். 1857 கலகத்தை அடக்கியதில் கஜானா காலியாகிவிட்டது என்று லண்டனிலிருந்து வந்தவர். அவர் கொண்டுவந்த சட்டம் 1860 ஜூலை 24-ல் அமலுக்கு வந்தது. அதனால்தான் இன்றும் அந்தத் தேதி வருமான வரி தினம். அப்போது மெட்ராஸ் கவர்னராக இருந்த சார்லஸ் டிரெவெல்யான், "இந்த வரி இங்கே வேண்டாம்" என்று பகிரங்கமாக எதிர்த்தார். அவர் பதவிதான் போயிற்று. வில்சனும் ரொம்ப நாள் இருக்கவில்லை. வரி வந்த மூன்றாவது வாரம், 1860 ஆகஸ்ட் 11-ல், கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பு வந்து இறந்துபோனார். வரி மட்டும் நூற்று அறுபது வருஷம் தாண்டியும் ஆரோக்கியமாக இருக்கிறது.

இதில் ஒரு பொருத்தம். இந்த வில்சன்தான் 1843-ல் லண்டனில் 'எகனாமிஸ்ட்' பத்திரிகையை ஆரம்பித்தவர். அதே பத்திரிகையில்தான் 1955-ல் நார்த்கோட் பார்க்கின்சன் என்பவர் தன் பிரபலமான விதியை எழுதினார். ஒரு வேலைக்கு எத்தனை நாள் கொடுத்தாலும் அது அத்தனை நாளையும் நிரப்பிக்கொள்ளும் என்பது அதன் சாரம். வரியைக் கொடுத்ததும் அந்தக் கடை. கடைசித் தேதிக்குக் காரணம் சொன்னதும் அதே கடை!

இதைச் சித்தப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே கேட்டார்.

"அந்த வெள்ளைக்காரருக்குப் பாதிதான் தெரியும்டே. சோம்பேறித்தனம்னு நெனச்சுட்டாரு. பாதிப் பேரு பயத்துலதான் தள்ளிப் போடுதான். பையைத் திறந்தா என்ன வருமோங்கிற பயம். கடன் எவ்வளவு, மிச்சம் எவ்வளவுன்னு தெரிஞ்சு போயிரும்லா? திறக்காத வரைக்கும் நிம்மதி."

*

அன்று ராத்திரி பன்னிரண்டு அடிக்க ஆறு நிமிஷம் இருக்கும்போது பதினேழாவது ஆள் முடிந்தார். மஞ்சள் பைக்காரர்தான். அவருக்குத் தண்டம் மிச்சம்.

சித்தப்பா பேரேட்டை எடுத்து வரிசையாக டிக் அடித்துக்கொண்டு வந்தார். ஒரு பெயருக்கு நேராக விரல் நின்றது.

"சார் வீடு..." என்றார்.

எனக்குத் தெரியும். தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். நான் பார்த்த வரையில் எந்தக் கட்சியிலும் சேராத ஒரே மனிதர். வருஷா வருஷம் ஜூன் 20-ந் தேதி காலை பத்து மணிக்கு ஃபைலோடு வந்துவிடுவார். காகிதமெல்லாம் தேதிவாரியாகக் குண்டூசி குத்தியிருக்கும். மேலே ஒரு தாளில், நீல மசியில், அவரே கூட்டல் போட்டு எழுதியிருப்பார். அதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியதுதான்.

அந்த வருஷம் பிப்ரவரியில் சார் காலமாகிவிட்டார்.

இறந்தவருக்கும் ரிட்டர்ன் உண்டா என்று கேட்கலாம். உண்டு. அந்த நிதியாண்டின் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அவர் உயிரோடு இருந்த கடைசி நாள் வரைக்குமான வருமானத்துக்கு அவருடைய வாரிசு கணக்குக் கொடுக்க வேண்டும்.

"டீச்சரம்மாட்ட கேக்கலையா சித்தப்பா?"

"எப்படிடே கேக்க? மே மாசம் போனேன். அவரோட நாற்காலியப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாங்க. காப்பியக் குடிச்சுட்டு வந்துட்டேன்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பேரேட்டை மூடினார். "சரி, நாளைக்குப் பேசிக்கிடலாம்."

ஊர் முழுக்க 'நாளைக்கு' சொன்னவர்களை விரட்டிப் பிடித்தவர் அன்று அதே வார்த்தையைச் சொன்னார். ஐந்து கட்சி என்று நான் போட்ட கணக்கு தப்பு. ஆறாவதாக ஒன்று இருக்கிறது. துக்கத்தால் தள்ளிப் போடுகிறவர்கள். அவர்கள் கட்சியில் சித்தப்பாவும் சேர்ந்துவிட்டார்.

ஆகஸ்ட் போயிற்று. தீபாவளி போயிற்று. டீச்சரம்மா தனியார் பள்ளியில் தையல் டீச்சராக இருந்தவர். கணக்கு வழக்கெல்லாம் சார்தான். அந்த ஃபைல் பீரோவின் கீழ்த்தட்டில் அப்படியே இருந்தது. அதைத் தொட அவருக்கு மனசு வரவில்லை. துபாயில் இருக்கும் மகனும், "அம்மாவா எடுக்கட்டும்" என்று விட்டுவிட்டான்.

அப்புறம் வந்தது டிசம்பர் 17.

*

அந்த மழையை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறக்க மாட்டார்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை புரண்டது. ஏரல் பஜாருக்குள் ஆறு ஓடியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு தண்ணீருக்கு நடுவே நின்றுபோனது. ஆத்தூர் பக்கமெல்லாம் வாழையும் கொடிக்காலும் வெள்ளத்தில் மூழ்கின. கரண்ட் இல்லை, டவர் இல்லை. மதுரையிலிருந்து நான் போட்ட போன்கள் எதுவும் போகவில்லை.

நாலாம் நாள் சித்தப்பாவின் குரல் கேட்டது. மொட்டை மாடியில் நின்று பேசுகிறார்.

"எல்லாரும் சுகம்டே. ஆபீஸ் மாடிங்கதால தப்பிச்சிச்சு. டீச்சரம்மா வீட்டுல இடுப்பளவு தண்ணி. இப்பதான் பாத்துட்டு வாறேன். பீரோ கவுந்து கெடக்கு. ஃபைலை எடுத்துக் கையில வச்சுக்கிட்டு, 'இத அப்பவே உங்ககிட்ட கொடுத்திருக்கணும் அண்ணாச்சி'ன்னு அழுதாங்க."

சார் பார்த்துப் பார்த்து எழுதிய நீல மசி அத்தனையும் கரைந்து, காகிதமெல்லாம் ஒரே நீலமாகிவிட்டதாம். ஒரே ஒரு தாளில் மட்டும் எழுத்து பிழைத்திருந்தது. கடைசி நாட்களில் படுக்கையில் இருந்தபடி பென்சிலால் எழுதியது. பென்சில் எழுத்து தண்ணீரில் கரையாது. அதைப் படித்துக் காட்டினார்:

"'பாங்கில் 15 எச் கொடுக்க விட்டுப்போயிற்று. வரி பிடித்துவிட்டார்கள். ரீஃபண்ட் கேட்க வேண்டும்.'"

எனக்குப் புரிந்துவிட்டது. அறுபது வயது தாண்டியவர், தனக்கு வரி வராது என்றால் வருஷ ஆரம்பத்தில் இந்த 15 எச் படிவத்தை பாங்கில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் டெபாசிட் வட்டியில் வரி பிடிக்க மாட்டார்கள். 2022 ஏப்ரலில் சார் ஆஸ்பத்திரியில் இருந்தார். படிவம் போகவில்லை. வட்டி 1,80,000 ரூபாயில் பத்து சதவீதம், 18,000 ரூபாய் போய்விட்டது. பென்ஷன், வட்டி எல்லாம் சேர்த்து, கழிவுகள் போக அவருடைய நிகர வருமானம் ஐந்து லட்சத்துக்குள்தான். வரியே கிடையாது. ஆக, அந்தப் பதினெட்டாயிரமும் அவர் பணம்.

ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். ஜூலை 31-ஐ விட்டவர்களுக்கு அந்த வருஷம் டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போட வழி இருந்தது. அதையும் விட்டால், பிற்பாடு போடுகிற திருத்திய கணக்கில் ரீஃபண்ட் கேட்க முடியாது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மேலதிகாரிக்கு மனுப் போட்டு, காரணம் காட்டி, காத்திருக்க வேண்டும். வெள்ளத்தைப் பார்த்து தூத்துக்குடி, திருநெல்வேலி உள்ளிட்ட தென்மாவட்டங்களுக்கு நவம்பர் மாச ஜி.எஸ்.டி. ரிட்டர்னை ஜனவரி 10 வரை தள்ளி வைத்தார்கள். வருமான வரியின் டிசம்பர் 31 நகரவில்லை.

கையில் பத்தே நாள். அதிலும் ஒரு சிக்கல். இறந்தவரின் கணக்கில் எடுத்தவுடன் ரிட்டர்ன் போட முடியாது. வாரிசு முதலில் இணையதளத்தில் தன்னைப் பதிவு செய்துகொண்டு, இறந்தவரின் பான் எண், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஏற்றி அனுமதி கேட்க வேண்டும். இலாகா அதைப் பார்த்து ஒப்புக்கொள்ள நாள் ஆகும். கடைசி நாளில் ஓடி வந்தால் ஒன்றும் நடக்காத காரியம் இது.

"சான்றிதழெல்லாம் எங்க சித்தப்பா?"

"தண்ணியிலதான். ஆனா குடும்ப பென்ஷனுக்கு வாங்கினப்ப மகனுக்கு வாட்ஸ்அப்புல அனுப்பியிருக்காங்க!"

வாட்ஸ்அப் கட்சியைப் பற்றி மேலே எழுதியதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். துபாயிலிருந்து ஐந்து நிமிஷத்தில் எல்லாம் வந்து சேர்ந்தது. ஒரு ஓரத்தில் கட்டை விரல் தெரிந்தது. தெரிந்துவிட்டுப் போகட்டும்!

டிசம்பர் 23, சனிக்கிழமை. ஆத்தூரில் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்ததால் நான் மதுரையில் என் லேப்டாப்பில் உட்கார்ந்தேன். ரகசிய எண் டீச்சரம்மா செல்போனுக்குத்தான் போகும். அந்த செல்போனோ வெள்ளத்தில் ஊறி உயிரை விட்டிருந்தது. சிம்மைக் கழற்றித் துடைத்து சித்தப்பாவின் போனில் போட்டார்கள். டவர் கிடைக்க மாடிக்கு ஏற வேண்டும். ஒரு மூச்சு வாங்கலோடு "ஏழு... மூணு... இது ஒண்ணா, ஏழா..." என்று படிப்பதற்குள் எண் காலாவதி! நாலாவது தடவை கணக்கு திறந்தது.

மனு போயிற்று. ஞாயிறு போயிற்று, கிறிஸ்துமஸ் போயிற்று. ஜூலையில் ஊரையே விரட்டிய சித்தப்பா, தினம் காலையில் என்னை விரட்டினார். "வந்துச்சாடே?"

28-ந் தேதி சாயங்காலம் அனுமதி வந்தது.

சாருடைய கணக்கைத் திறந்தேன். பென்ஷன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, பாங்க் எந்தத் தேதியில் எவ்வளவு பிடித்தது... கரைந்துபோன ஃபைலில் இருந்த அத்தனை எண்ணும் இலாகாவின் பட்டியலில் பத்திரமாக இருந்தன. எண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாரின் கையெழுத்துக்குத்தான் நகல் எடுத்து வைப்பார் யாரும் இல்லை.

29-ந் தேதி ரிட்டர்ன் போட்டோம். தாமதக் கட்டணம் 1,000 ரூபாய் போக, 17,000 ரூபாய் ரீஃபண்ட். பிப்ரவரியில் பணம் வந்தது. வெள்ளத்தில் போன கட்டிலுக்கும் தையல் மெஷினுக்கும் சரியாகப் போயிற்று.

"அவுக முதல் வருஷ நினைவு நாள் மாசத்துல வந்திருக்கு அண்ணாச்சி. அவுகளே அனுப்பின மாதிரி இருக்கு" என்றாராம் டீச்சரம்மா.

*

தள்ளிப் போடுவதில் என்ன நஷ்டம் என்று பலர் கேட்கிறார்கள். சித்தப்பா சொல்கிற கணக்கு இது. தாமதக் கட்டணம், வருமானம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் 1,000, மேலே என்றால் 5,000. கட்ட வேண்டிய வரி பாக்கி இருந்தால் மாசத்துக்கு ஒரு சதவீதம் வட்டி. வியாபாரத்திலோ பங்கு விற்பனையிலோ நஷ்டம் வந்திருந்தால், அதை அடுத்த வருஷ லாபத்தில் கழிக்கிற உரிமை போய்விடும். 2024-ல் போட்ட ரிட்டர்னிலிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. சம்பளக்காரரும் பென்ஷன்காரரும் தேதியைத் தாண்டினால் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. வீட்டுக் கடன், இன்ஷூரன்ஸ் என்று காட்டி வந்த கழிவுகள் அந்த வருஷத்துக்கு அம்போ! ஆயிரம் ரூபாய் தண்டம் என்று நினைத்து வந்து, இருபதாயிரம் வரி கட்டியவர்களை நானே பார்த்தேன்.

1961-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதுச் சட்டம் நிறைவேற்றி, 2026 ஏப்ரல் 1 முதல் என்று தேதி போட்டார்கள். சட்டம் மாறலாம், படிவம் மாறலாம். ஆனால் கடைசித் தேதி என்று ஒன்று இல்லாத சட்டம் வரப்போவதில்லை.

சித்தப்பாவிடம் ஒரு மாறுதல் வந்திருக்கிறது. இப்போது ஜூன் பிறந்ததும் பேரேட்டை எடுத்து, அந்த வருஷம் சாவு விழுந்த வீடு, வியாபாரம் நொடித்த வீடு, நோயாளி இருக்கிற வீடு என்று குறித்துக்கொள்கிறார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தானே போகிறார். முதலில் வரியைப் பற்றிப் பேச மாட்டார். காப்பி குடிப்பார். ஊர்க்கதை பேசுவார். கிளம்பும்போது, "அந்தப் பையை மட்டும் கொடுங்க, நான் பாத்துக்கிடுதேன். நீங்க திறக்க வேண்டாம்" என்பார். பாதிப் பேருக்கு அது போதும். பையைத் தாங்களே திறக்க வேண்டாம் என்றால், தள்ளிப் போட ஒன்றும் இல்லை.

டீச்சரம்மா? அவர் இப்போது ஏப்ரல் முதல் தேதியே ஃபைலோடு வந்துவிடுகிறார். தேதிவாரியாகக் குண்டூசி குத்தி! எல்லாம் பென்சிலில் எழுதி!! "பாங்கு கணக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறவே ஜூன் ஆகும் டீச்சர்..." என்று சித்தப்பா கெஞ்சுகிறார்.

இத்தனை எழுதிவிட்டு, கடைசியாக ஒன்றைச் சொல்லாமல் விட்டால் வாசகர்களுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன்.

2025-ல் நீட்டிப்புக் கட்சி ஜெயித்தது. படிவங்களை மாற்றியதால் கடைசித் தேதி ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்குப் போனது. என் லீவும் கூடவே போனது! செப்டம்பர் 15 ராத்திரி பதினொன்றரை. கடைசி ஆளும் படியிறங்கியாச்சு. பேரேட்டில் எல்லாப் பெயருக்கும் டிக் விழுந்திருந்தது, ஒன்றைத் தவிர.

"யாரு சித்தப்பா அது?"

"நான்தாம்டே. என் ரிட்டர்ன் இன்னும் போடலை. எடு, எடு, அரை மணி நேரம் இருக்கு!"

திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது... சுற்றியது... பன்னிரண்டு மணியை நெருங்கும்போது என் செல்போனில் செய்தி வந்து விழுந்தது. இன்னும் ஒருநாள், செப்டம்பர் 16 வரை நீட்டிப்பு!

படித்துக் காட்டினேன். சித்தப்பா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். விளக்கை அணைத்தார்.

"அப்ப வாடே, வீட்டுக்குப் போவோம். நாளைக்குப் பாத்துக்கிடலாம்!"